கலெக்டர் கொடுத்த படர்தாமரை

மருந்துக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்குக் கொஞ்ச நாளிலேயே ஒரு வியாதி வந்துவிடும். உலகத்தில் உள்ள அத்தனை வியாதிக்கும் மருந்து தனக்குத் தெரியும் என்று நினைக்கிற வியாதி. எனக்கு அது சீக்கிரமே முற்றிவிட்டது. சேர்ந்த புதிதில் யாராவது தும்மினால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். பிறகு, தும்மியவரை நிறுத்திவைத்து நாக்கை நீட்டச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டேன்.

கடை கோயம்புத்தூரில். சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் கேட்கிற டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவது என் வேலை. (எடுத்துக் கொடுப்பவருக்கு எடுத்துக் கொடுப்பவன்.) ஆனால் ஊரில் என் மரியாதையே வேறு. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. ரேஷன் கார்டு கேரளா, பேச்சு கோயம்புத்தூர். தினமும் காலையில் பஸ் ஏறி எல்லை தாண்டிப் போய், பொழுது சாய்கிற நேரம் திரும்பி வருவேன். இறங்கியதும் யாராவது வந்து, "மணி, இடுப்புல ஒரு பிடிப்பு, என்ன சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்ல மாட்டேன். வானத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

என்னை நம்பாத ஒரே ஆள் என் அண்ணன் கதிர். "டாக்டரே, மாட்டுக்கு வவுறு உப்பியிருக்குது. கொஞ்சம் நாக்க நீட்டச் சொல்லிப் பாக்கறீங்களா?" என்பான். அண்ணி சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தோட்டமும் மாடுகளும் அண்ணன் பொறுப்பு. அப்பா எப்போதாவது போய், தண்ணீர் சரியாகப் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு, சரியாகப் பாய்ந்தாலும் ஒரு குறை சொல்லிவிட்டு வருவார்.

அந்த ஐப்பசியில் எங்கள் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. போட்ட மறுநாளே தாய் செத்துவிட்டது. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கன்று நிற்கக்கூடத் தெம்பில்லாமல் மாட்டுச்சாளையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அண்ணன் வீட்டுக்குள் போய், தன்னுடைய நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை எடுத்து வந்து, முன்னங்கால் இரண்டையும் கைகளுக்குள் விட்டு, முதுகுப் பக்கம் பட்டன் போட்டுவிட்டான். கையை மடித்துவிடவும் மறக்கவில்லை.

"ஏனுங்க, அது நான் எடுத்துக் குடுத்த சட்டைங்க!" என்று அண்ணி கத்தினாள்.

"பாரு, பெரிய ஆபீசர் மாதிரி இருக்குது. கலெக்டர்னு பேரு வெச்சிரலாம். இந்த ஊட்டுல படிச்சு யாரும் ஆவற மாதிரித் தெரியல" என்றான் அண்ணன். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்.

பாட்டிலில் பால் கொடுத்து அவன்தான் அதைப் பிழைக்க வைத்தான். கலெக்டர் அவன் பின்னாலேயே சுற்றியது. அவன் உட்கார்ந்தால் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும்.

கார்த்திகையில் ஒரு மழைநாள், புண்ணாக்கு வாங்க வாளையார் பக்கம் பைக்கில் போன அண்ணன் திரும்பி வரவில்லை. ரோட்டில் வண்டி வழுக்கியிருக்கிறது. பின்னால் லாரி வந்திருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் சேர்ந்து அழத் தெரியாது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. அம்மா சமைத்தாள். அண்ணி தட்டைக் கழுவினாள். நான் பஸ் ஏறினேன். அப்பா மறுநாள் காலையிலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் திருப்பப் போய்விட்டார். சுடுகாட்டில்கூட அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. 'பெத்த பையனுக்கு அழுவாத மனுசனைப் பாத்திருக்கீங்களா' என்று ஊரே பேசியது. அது அண்ணியின் காதிலும் விழுந்திருக்கிறது.  அதிலிருந்து, அப்பா வீட்டுக்குள் வந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

நானும் வீட்டில் அழவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நேராக மாட்டுச்சாளைக்குப் போவேன். அங்கே கலெக்டர் அண்ணன் சட்டையில் நிற்கும். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோள்பட்டையில் கன்னத்தை வைத்து, வேண்டிய மட்டும் அழுவேன். அது நாக்கை நீட்டி என் முகத்தை நக்கும். அதற்கும் துக்கம் புரிகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுவேன். (கண்ணீரில் உப்பு இருப்பதால் நக்கியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.) பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய், "சாப்பாடு ஆச்சா?" என்பேன்.

கலெக்டர் வளர வளரச் சட்டை இறுகியது. அம்மா பட்டனை அவிழ்த்து, முதுகில் நாடா வைத்து முடிந்துவிட்டாள். மழைக்காலம் முடிந்து மார்கழிக் காற்று அடிக்க ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றில் ஓடே பறக்கும். குளிருக்கு இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில், கழற்ற யாருக்கும் கை வரவில்லை.

கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வட்டவட்டமாகப் பொருக்கு தட்டியிருந்ததை நான் பார்த்தேன். முடி உதிர்ந்து, சுண்ணாம்பை அப்பிவைத்தது போல இருந்தது. தாய்ப்பால் இல்லாமல் வளர்ந்த கன்று, சத்துக் குறைவு என்று முடிவு செய்தேன். என்னிடம் மாட்டுக்கும் கருத்து இருந்தது.

கொஞ்ச நாளில் என் தாடிக்குள் அரிக்க ஆரம்பித்தது. துக்கத்துக்காக வளர்த்த தாடி. கண்ணாடியில் விலக்கிப் பார்த்தால், வலது கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம், நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் தடித்து. படர்தாமரை என்றால் என்ன என்று தெரியாதவன் இல்லை நான். அதற்கான களிம்பை அலமாரியிலிருந்து தினமும் எடுத்துக் கொடுத்தவன். ஆனால் அடுத்தவனுக்கு வருவதுதான் படர்தாமரை. எனக்கு வந்தது மன அழுத்தத்தால் தோலில் உண்டாகிற மாற்றம் என்று நானே கண்டுபிடித்தேன்.

அந்தக் கண்டுபிடிப்பை அம்மா உறுதி செய்தாள். அவளுக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு வட்டம். அண்ணிக்குக் கழுத்தின் இடது பக்கம் ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று. எல்லாருக்கும் ஒரே துக்கம், அதனால் எல்லாருக்கும் ஒரே வட்டம். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

"மனசுல இருக்கறது வெளிய வருதுங்கம்மா. நான் மருந்து கொண்டாரேன்" என்றேன்.

கடையில் ஒரு களிம்பு உண்டு. அரிப்பு, சிவப்பு, தடிப்பு, எதைச் சொன்னாலும் அதைத்தான் கொடுப்பார்கள். ஒரு ட்யூப் வாங்கி வந்து சமையலறை ஜன்னலில் வைத்தேன். பூசிய அன்றைக்கே அரிப்பு நின்றது. இரண்டு நாளில் சிவப்பு மங்கியது. அம்மா என் தலையைத் தடவி, "கண்ணு, நீ டாக்டருக்கே படிச்சிருக்கோணும்" என்றாள். (அண்ணன் இருந்திருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருப்பான்.)

ட்யூப் மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்தது. எலி இழுக்கிறது என்றாள் அம்மா. எலி மூடியைத் திறந்து, பிதுக்கி, மறுபடி மூடி வைக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. நான் அடுத்த ட்யூப் வாங்கி வந்தேன். அப்பா அப்போதெல்லாம் காலையிலிருந்து படுக்கும் வரை தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். காற்றுக் காலம், காது அடைக்கும் என்றார். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

தை பாதிக்குமேல் களிம்பு கைவிட்டது. கைவிட்டது என்று சொல்வது மரியாதைக்காக. உள்ளே இருந்தது படை திரட்டிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு வட்டம் இருந்த இடத்தில், குளத்தில் கல்லெறிந்தது மாதிரி வட்டத்துக்கு வெளியே வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம். என் தாடியில் கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது. கடையில் ஒருவர் தன் படர்தாமரைக்கு மருந்து கேட்டு வந்து, நான் டப்பாவை நீட்டியதும் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "வேற கம்பெனி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இந்த நிலைமையில்தான் மூன்றாம் மாதப் படையல் வந்தது. அண்ணன் படத்துக்கு முன்னால் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துவைத்துக் கும்பிடுவதாக ஏற்பாடு. அண்ணியின் அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கும்பிட மட்டும் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். குழந்தையும் இல்லை, வயதும் இருக்கிறது, பெண்ணைக் கையோடு அழைத்துக்கொண்டு போவது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அண்ணி முதல் நாளே பெட்டியைக் கட்டிவைத்திருந்தாள். "இங்க இருந்து என்னங்கம்மா பண்ணப் போறேன். அவரு பேரக்கூட யாரும் எடுக்கறதில்ல" என்று அவள் போனில் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. உள்ளே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். எதற்கும் மருந்து சொல்கிறவனுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

கும்பிட்டு முடித்ததும் அண்ணியின் அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதவர் சட்டென்று விலகி, மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, கழுத்தைப் பார்த்தார். வட்டம் தாடை வரை ஏறியிருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"ஒண்ணுமில்லியா? கழுத்தெல்லாம் வெந்து போயிக் கெடக்குது! என்னங்க, இங்க வந்து பாருங்க!"

அண்ணியின் அப்பா வந்து பார்த்தார். மகளின் கழுத்தைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். பிறகு அடி மேல் அடி வைத்து, பின்பக்கமாகவே நடந்து, வாசல் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

"சம்பந்தி, ஊட்டுல என்ன நோவுங்க இது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். பேச வேண்டிய நேரம் எனக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன். வழக்கம்போல மேலே பார்த்துக் கொஞ்சம் யோசித்தேன்.

"மாமா, பயப்படாதீங்க. இது தொத்து நோயே இல்லீங்க. துக்கத்தை உள்ளயே அடக்கி வெச்சா ரத்தம் சூடாயி, நரம்பு வழியா தோலுக்கு வந்துரும். மருத்துவத்துல இதுக்குப் பேரு இருக்குது..."

பேரு என்ன என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நினைக்கும்போதே வாசலில் ஜீப் நின்றது.

மிருகாஸ்பத்திரி டாக்டரம்மா. வீடு வீடாகப் போய் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று எங்கள் ஊர் முறை. இளவயசு. பாலக்காட்டுக்கு மேற்கே எங்கிருந்தோ வந்தவர். அவர் பேசுகிற தமிழ் பாதியில் மலையாளமாகி, மறுபடி தமிழாகிக் கரை சேரும். படையல் வீடு என்று தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். அம்மாதான், "வந்தது வந்துட்டீங்க, போட்டுட்டே போயிருங்க" என்று சாளைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பேச்சு நின்ற நிம்மதியில் நானும் போனேன். அண்ணியின் பெற்றோர், நோய் வீட்டுக்குள் தனியாக நிற்கப் பயந்தோ என்னவோ, அவர்களும் வந்தார்கள். ஆக, எல்லாரும் சாளையில்.

டாக்டரம்மா கலெக்டரைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணைச் சுற்றியிருந்த பொருக்கைப் பார்த்தார். சட்டையின் கழுத்துப் பட்டியை விலக்கினார். உள்ளே தோல் முழுக்கச் சாம்பல் வட்டங்கள்.

"அய்யோ, வட்டச்சொறி. சட்டைக்குள்ள ஈரமும் சூடும் கிட்டி நல்லா வளர்ந்திருக்கு" என்றவர் நிமிர்ந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். என் கன்னத்துக்கு வந்தார். அண்ணியின் கழுத்துக்குப் போனார்.

"இந்தக் கன்னுக்குட்டியை ஆரெல்லாம் கெட்டிப் பிடிச்சது?"

ஆளாளுக்கு ஒரு தூணைப் பார்த்தோம்.

"இது பூஞ்சை. கன்னுக்குட்டிக்கு வரும், அதைத் தொட்டால் நமக்கும் ஒட்டும். சும்மா வைக்கோல் போட்டால் இத்தனை வராது. தோலோடு தோல் வெச்சு, ரொம்ப நேரம் இருந்திருக்கணும். ஆராணு?"

"நான் தண்ணி காட்டறதோட சரிங்க" என்றாள் அம்மா.

"நான் சாணி எடுக்க மட்டும்தான் வருவேனுங்க" என்றாள் அண்ணி.

"நான் வேலைக்குப் போறவனுங்க, எனக்கு ஏது நேரம்?" என்றேன் நான்.

டாக்டரம்மா என் அருகில் வந்தார். "முகத்தில் என்ன மருந்து போட்டது?"

ட்யூப்பின் பெயரைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அதில் ஸ்டீராய்டு உண்டு. சொறிச்சல் அடங்கும், பூஞ்சை மட்டும் நல்லா சாப்பிட்டுத் தடிக்கும். நீங்கள் அதுக்குச் சாப்பாடு போட்டிருக்கீங்க. ஆரு கொடுத்தது இந்த மருந்தை?"

அம்மாவின் விரலும் அண்ணியின் விரலும் ஒரே நேரத்தில் என் பக்கம் நீண்டன.

"மெடிக்கல் ஷாப்புல இருக்கறேனுங்க" என்றேன்.

"டாக்டர் இல்லையா?" என்றார் அவர்.

"டாக்டருக்குப் படிக்கறாப்புலன்னு சொன்னாங்களே!" என்றார் அண்ணியின் அப்பா, கதவோரம் நின்ற அதே அதிர்ச்சியோடு. கல்யாணம் பேசின காலத்தில் எங்கள் பக்கத்து உறவினர் யாரோ கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை. கலெக்டர்தான் வந்து, பழக்கதோஷத்தில், என் முகத்தை ஒரு நக்கு நக்கியது. அம்மா சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்துவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியவருக்கு ஒண்ணும் இல்லியே?" டாக்டரம்மா அப்பாவைக் கேட்டார்.

அப்பா சாளைக்கு வெளியே, வேலிப் பக்கம் பார்த்து நின்றிருந்தார். "நான் இந்தப் பக்கமே வாரதில்லீங்க."

அது உண்மை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆள். ஆனால் கலெக்டர் என்னை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனது. போய், பழகின வீட்டுக்குள் நுழைவது போல, அவர் மார்பில் நெற்றியை முட்டி வைத்துக்கொண்டு நின்றது. அப்பாவின் கை தானாகவே அதன் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்தது.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "சார், அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுங்கோ."

அப்பா எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். நெற்றி நடுவில், அச்செடுத்த மாதிரி, பெரிய வட்டம் ஒன்று. அதைச் சுற்றிக் களிம்பின் வெள்ளைப் பூச்சு இன்னும் காயாமல் இருந்தது. எலி யாரென்று தெரிந்தது.

கன்றின் நெற்றியோடு தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றால்தான் அந்த இடத்தில் வட்டம் வரும். எத்தனை நாள் அப்படி நின்றாரோ. நான் அழுதது அந்தியில். அம்மா விடியலில் பால் கறக்கும்போது. அண்ணி மத்தியானம் எல்லாரும் கண் அசந்த பிறகு. அப்பா, தோட்டத்துக்குப் போகிறேன் என்று மண்வெட்டியோடு கிளம்பி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சாளைக்கு வந்திருக்கிறார். மில்லில் ஷிப்ட் மாறுவது மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நான்கு பேரும் முறை வைத்து அழுதிருக்கிறோம். எங்களுடைய மொத்தத் துக்கத்தையும் அந்தப் பொடிக் கன்று ஒற்றை ஆளாக நின்று வாங்கியிருக்கிறது.

அண்ணி அப்பாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்காமல், கலெக்டரிடம் பேசுவது போலச் சொன்னார்.

"பெரியவன் வாசம் இருந்துச்சு, சட்டையில. அதான்."

டாக்டரம்மாவுக்கு வீட்டு நிலவரம் அதற்குள் புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கன்றுக்கு மருந்து தருகிறேன், நீங்கள் நான்கு பேரும் தோல் டாக்டரைப் பாருங்கள், அந்தக் களிம்பைத் தூக்கிப் போடுங்கள். "முக்கியமா அந்தச் சட்டை. அதில் முழுக்கப் பூஞ்சை. கழட்டி எரிச்சிடுங்கோ."

அப்பா நிமிர்ந்தார்.

"ஒருக்கா எரிச்சாச்சுங்க" என்றார். "இன்னொருக்கா என்னால முடியாதுங்க."

சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துகொண்டு, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எப்படி அழுவது என்று தெரியாதவர் மாதிரி, மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் அழுதார். அம்மா ஓடிப் போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல், கலெக்டரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அதைக் கட்டிப் பிடிக்க முடியாதே, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் முதல் முறையாக, எதையும் கட்டிப் பிடிக்காமல், எல்லாருக்கும் முன்னால் நின்று அழுதேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எரிக்க வேண்டாம்" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "நல்லாக் கொதிக்கிற தண்ணில போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கலக்கி ஊற வெச்சு, வெயில்ல காயப் போடுங்கோ. மதி, அது போதும்."

அண்ணிதான் நாடாவை அவிழ்த்தாள். கன்றின் கால்களை ஒவ்வொன்றாகக் கைக்குள்ளிருந்து எடுத்தாள். படையலுக்குச் சோறு வடித்த அதே விறகடுப்பில் அண்டாவை ஏற்றி, அதில் சட்டையைப் போட்டுக் குச்சியால் புரட்டினாள். அண்ணியின் அம்மா பின்னாலேயே போய் நின்றுகொண்டு, "நேரமாச்சு கண்ணு, பெட்டிய எடு, போலாம்" என்றார்.

"சட்டை காயட்டும்மா" என்றாள் அண்ணி.

அந்தக் காற்றில் ஒரு சட்டை காய எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ப்ளீச்சிங் பவுடரில் நீலம் முழுக்கப் போய், கட்டம் இருந்த தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. அண்ணியின் அம்மா இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, காய்ந்துவிட்டது என்றார். அண்ணியும் போய்த் தொட்டாள். "காலர் இன்னும் ஈரமா இருக்குதுங்கம்மா" என்றாள். அவர்கள் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினார்கள். அண்ணியின் அப்பா எல்லாரையும் தூரத்திலிருந்தே கும்பிட்டார். என்னை மட்டும் கும்பிடவில்லை.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் புளிக்கொழம்பு கதிருக்கு ரொம்பப் புடிக்கும்" என்றார். அண்ணி எழுந்து சமையலறைக்குப் போகவில்லை. "ஆமாங்க மாமா, ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்குவாருங்க" என்றாள். அதற்குப் பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்து, சோறு ஆறிப்போய்விட்டது.

மறுநாள் பாலக்காட்டுக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தோம். நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே கன்னுக்குட்டியா?" என்று இரண்டு முறை கேட்டார். மாத்திரை தின்று, வேறு களிம்பு பூசி, துணிகளைக் கொதிக்க வைத்து, எல்லாம் அடங்க வெயில் காலம் வரை ஆனது. சாளைத் தரைக்கும் தூணுக்கும் சுண்ணாம்பு அடித்தோம். கலெக்டர் எங்களுக்கு முன்பே குணமாகி, பளபளவென்று முடி வளர்ந்து, எதுவும் நடக்காதது போல வைக்கோல் தின்றது. அதற்கப்புறம் ஐந்தாறு ஈத்துப் போட்டுவிட்டது. நான் மருந்துக் கடையை விட்டேன். இப்போது சிமென்ட் விற்கிறேன். சிமென்ட்டைப் பற்றி யாரும் என்னிடம் ஆலோசனை கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அண்ணி எங்களோடு இரண்டு வருடம் இருந்தாள். பிறகு பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் தையல் கடை வைத்து, அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். வேறு கல்யாணத்தைப் பற்றி அப்பாவே பேசிப் பார்த்தார்; பிடி கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

எங்கள் உறவுக்குள் இந்தக் கதை பெரிய நகைச்சுவையாகிவிட்டது. என் கல்யாணத்தில், மாப்பிள்ளை கன்னத்தை நல்லாப் பார்த்துக்கோங்க என்று பெண் வீட்டாரிடம் சொல்லாத ஆளில்லை. யாராவது உம்மென்று உட்கார்ந்திருந்தால், "போய் மாட்டக் கட்டிப் புடிச்சு அழுதுட்டு வாங்க" என்பாள் அம்மா. ஆனால் கதையை நன்றாகச் சொல்வது அப்பாதான். புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் காபி கொடுத்த கையோடு ஆரம்பித்துவிடுவார். நான் கூடத்தின் நடுவில் நின்று பிரசங்கம் செய்ததை நடித்தே காட்டுவார்.

ஒரே ஒரு வித்தியாசம். அப்பா சொல்லும் கதையில் அண்ணன் சாகவில்லை. "பெரியவன் இருக்கானே, கன்னுக்குட்டிக்குச் சட்டையப் போட்டு உட்டுட்டானுங்க. எல்லாம் அவனால வந்த வினை. அப்பறம் எங்க நாலு பேரையும் வண்டியில ஏத்தி, பாலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவன்தான்" என்பார். அவருக்கு ஞாபகம் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் யாரும் திருத்துவதில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்போம்.

சமீபத்தில் என் மனைவியின் சித்தப்பா வந்திருந்தார். கதையை முழுக்கக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அதெல்லாம் சரிங்க, ஏனுங்க எல்லாரும் போயி ஒரு கன்னுக்குட்டியக் கட்டிப் புடிச்சீங்க?" என்று கேட்டார்.

அப்பா கொஞ்சம் தடுமாறினார். "அது... அது அப்புடி ஒரு கன்னுங்க" என்றார்.

சுவரோரம் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிராமல் சொன்னாள்.

"பாலக்காடு போற வரைக்கும் வண்டியில எங்களைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுட்டே வந்தாருங்க அவரு."

"ஆமா, ஆமா" என்றார் அப்பா. "சிரிச்சுட்டே வந்தான்."